டீபக் முடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்கள்

சென்ற ஆண்டு சாரல் காலத்தில், செங்கோட்டையில் நான் நடத்தும் மாலை நேர நிரலாக்க வகுப்பில், ஆரியங்காவிலிருந்து ரயிலேறி வரும் கல்லூரி மாணவி ஒருவர் இரண்டு மணி நேரமாக ஒரே கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருக்கும் உறவினருக்காக அவர் எழுதிய சிறு நிரல் அது. மூட்டையின் எடையையும் அன்றைய விலையையும் கொடுத்தால், கமிஷன் போக விவசாயியின் கைக்கு எவ்வளவு சேரும் என்பதை உலாவியில் காட்டும். சாக்கின் எடையைக் கழிக்காமல் விட்டிருந்ததால் தொகை கூடுதலாக வந்தது. கழிக்கும் வரியைச் சேர்த்தார்; தொகை மாறவில்லை. வேறோர் இடத்திலும் கழித்துப் பார்த்தார், அப்போதும் மாறவில்லை. ஓட்டத்தை அங்கேயே நிறுத்திக் காட்டச் சொல்லும் குறியான ப்ரேக்பாயிண்டை அந்த வரிக்கு நேரே வைத்தார்; நிரல் அங்கே நிற்கவே இல்லை. "சார், மாத்தியாச்சு, ஆனா மாறல" என்றார்.

ப்ரேக்பாயிண்டில் நிற்கவில்லை என்று கேட்டதும் நான் நிரலைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அந்தக் கணினியில் 8000 என்ற போர்ட்டில், அதாவது உலாவி போன்றவை நிரலை அணுகும் எண்ணிட்ட வாசலில், யார் காத்திருக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னேன். ஒரே போர்ட்டுக்கு இரண்டு வரிகள், இரண்டு வெவ்வேறு எண்களோடு வந்தன. ஒன்று, அவர் அப்போதுதான் டீபக் (பிழை தேடும்) பொத்தானை அழுத்தி ஓடவிட்ட நிரல். மற்றொன்று, அன்று காலையில் வீட்டில் ஓடவிட்டு, டீபக்கரை இணைத்து ஆராய்ந்து, "நிறுத்திவிட்டேன்" என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த நிரல். உலாவி பேசிக்கொண்டிருந்தது காலையிலிருந்த நிரலோடு.

முடிந்ததாக நினைத்தும் இப்படி ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை, அதாவது மிச்சமாக நிற்கும் ப்ராசஸ்களைப் பற்றிப் பேசும்போது, அவை நினைவகத்தைத் தின்னும், கணினியை மந்தமாக்கும் என்பதைத்தான் பெரும்பாலும் முதலில் சொல்லுவார்கள். அது உண்மைதான், ஆனால் தொடக்கநிலையாளருக்கு அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. திரையில் இப்போது இல்லாத, நேற்றோ காலையிலோ இருந்த நிரலின் சார்பாக அவை பதில் சொல்லிக்கொண்டிருக்கும். கற்பவர் அந்தப் பதிலை நம்பி, சரியாக எழுதியதைத் தவறென்று முடிவு செய்து மாற்றத் தொடங்கிவிடுவார். இந்தக் கட்டுரை அந்தக் கேட்டை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது.

நிரல் வேறு, ப்ராசஸ் வேறு

வட்டில் கோப்பாகக் கிடப்பது நிரல். அதை ஓடவிடும்போது இயங்குதளம் நினைவகத்தில் இடம் ஒதுக்கி, கோப்பிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு, அதற்கு ஓர் எண்ணையும் கொடுத்து உயிர்ப்பிக்கிறதே, அதுதான் ப்ராசஸ். ஒரே நிரலை மூன்று முறை ஓடவிட்டால் மூன்று ப்ராசஸ்கள், மூன்று எண்கள். பைத்தான் போன்ற மொழியில் கோப்பு தொடக்கத்திலேயே படிக்கப்பட்டுவிடுகிறது. அதன் பிறகு நீங்கள் எடிட்டரில் எதைத் திருத்திச் சேமித்தாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸுக்கு அது தெரியாது. சேமிப்பது கோப்பை மாற்றுகிறது, ஓடுவதை மாற்றுவதில்லை. மாற்றத்தைக் கவனித்துத் தானே மறுபடி தொடங்கும் ரீலோடர் வசதி சில சட்டகங்களில் (நிரல் எழுதுவதற்கான ஆயத்த அடித்தளங்களில்) உண்டு என்றாலும், அதுவும் பழைய ப்ராசஸை முடித்துவிட்டுப் புதியதைத் தொடங்குகிறதே தவிர, ஓடுவதைத் திருத்துவதில்லை.

ஒவ்வொரு ப்ராசஸுக்கும் அதைத் தொடங்கிவைத்த பெற்றோர் ஒன்று உண்டு. நீங்கள் டெர்மினலில் கட்டளை தட்டினால், அந்த டெர்மினலுக்குள் இருந்து கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் ஷெல் பெற்றோர். எடிட்டரில் பொத்தானை அழுத்தினால், எடிட்டரோ அது அனுப்பிய உதவி நிரலோ பெற்றோர். பெற்றோர் முடிந்துவிட்டால் பிள்ளையும் தானாக முடிந்துவிடும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். விண்டோஸிலும் சரி, லினக்ஸிலும் சரி, அப்படியொரு பொது விதி இல்லை. லினக்ஸில் பெற்றோரை இழந்த பிள்ளை, வழக்கமாக 1 என்ற எண்ணுடைய முதல் ப்ராசஸின் பொறுப்பில் சேர்க்கப்பட்டு, தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அநாதை என்றே அதற்குப் பெயர். எடிட்டர் உறைந்துபோய் அதை வலுக்கட்டாயமாக மூடும்போதெல்லாம் இப்படி ஓர் அநாதை உருவாக வாய்ப்பு உண்டு.

டீபக்கர் எங்கே வருகிறது

பாடநூல்கள் வழுநீக்கி என்று எழுதும் டீபக்கர், இன்னொரு ப்ராசஸை நிறுத்தவும், அதன் நினைவகத்தைப் படிக்கவும், ஒரு வரி நகர்த்தவும் இயங்குதளத்திடம் உரிமை வாங்கிய தனி நிரல். லினக்ஸில், இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் விடுக்கும் பி-டிரேஸ் என்ற அழைப்பு இந்த உரிமையைத் தருகிறது. பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்டை ஓடவிடும் நோட் போன்றவற்றில் மொழியின் இயக்கச் சூழலே டீபக்கருக்கென்று ஒரு வாசலைத் திறந்துவைக்கிறது. நோட் வழக்கமாக 9229 என்ற போர்ட்டிலும், பைத்தானுக்கான டீபக்பை 5678 என்ற போர்ட்டிலும் இப்படிக் காத்திருக்கும். ஆகவே டீபக் செய்யும்போது குறைந்தது இரண்டு ப்ராசஸ்கள், பல நேரம் மூன்று நான்கு கூட, ஒரே வேலைக்காக ஓடிக்கொண்டிருக்கின்றன. இதை மறந்துவிட்டு டாஸ்க் மேனேஜரில் பைத்தான் மூன்று வரிகளில் இருப்பதைப் பார்த்துப் பதறக் கூடாது. டீபக்கரின் உதவி நிரலே பைத்தானில்தான் ஓடுகிறது. விண்டோஸில் ஒரு வேலைக்கென்றே பைத்தானின் தனிச் சூழல் (venv) அமைத்து ஓடவிட்டால் அதன் பைத்தான் இன்னொரு பைத்தானைத் தொடங்கிவிட்டுக் காத்திருக்கும். எண்ணிக்கையை மட்டும் வைத்து மிச்சம் எது என்று சொல்லிவிட முடியாது.

டீபக்கரை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். டீபக்கரே நிரலைத் தொடங்கிவைப்பது ஒன்று. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸோடு போய் இணைந்துகொள்வது மற்றொன்று. முதலாவதில் நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் நிரலும் முடிக்கப்படும். இரண்டாவதில், வந்து ஒட்டிக்கொண்ட டீபக்கர் விலகிக்கொள்ளும். நிரல் தொடர்ந்து ஓடும். இது பிழையன்று, வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு: பலர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் ஒரு சர்வரை ஆராயப் போனவர் திரும்பும்போது அதைக் கொன்றுவிட்டு வரக் கூடாது அல்லவா? ஜிடிபி என்ற பழைய டீபக்கரும் இதே வழக்கத்தைத்தான் பின்பற்றுகிறது. தான் தொடங்கியதானால் கொல்லட்டுமா என்று கேட்கும்; தான் இணைந்ததானால் விலகிக்கொள்ளட்டுமா என்று கேட்கும்.

விஎஸ் கோட் என்ற எடிட்டரில் இந்த வேறுபாடு ஒரு சிறு படக்குறியில் மட்டுமே தெரிகிறது. தொடங்கிவைத்ததற்குச் சிவப்புச் சதுரம். இணைந்ததற்கு மின்செருகி போன்ற ஒரு குறி. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே அளவில் இருக்கின்றன. எங்கள் மாணவி காலையில் அழுத்தியது செருகியை. நிரல் ஓடிய கறுப்புச் சாளரம் கீழே சுருங்கிக் கிடந்தது. மடிக்கணினியை மூடி ரயிலேறி, கணவாய் தாண்டி இங்கே வந்து திறந்தபோது, உறக்கத்திலிருந்து எழுந்த கணினியோடு அதுவும் எழுந்துவிட்டது. மூடியை மூடுவது எதையும் முடிப்பதில்லை, இடைநிறுத்துகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

மிச்சம் விழும் மற்ற வழிகள்

தொடக்கநிலையாளரிடம் நான் மிகுதியாகக் காணும் வழி கன்ட்ரோலும் இஸட்டும். லினக்ஸிலும் மேக்கிலும் டெர்மினலில் ஓடும் நிரலை முடிக்கக் கன்ட்ரோலும் சியும் அழுத்த வேண்டும். அதற்குப் பதிலாக இஸட்டை அழுத்தினாலும் நிரல் மறைந்து ஷெல்லின் குறி திரும்ப வந்துவிடுவதால், முடிந்துவிட்டது என்று தோன்றும். உண்மையில் அது உறைந்து நிற்கிறது. போர்ட்டையும் கோப்புகளையும் தரவுத்தள இணைப்பையும் கையில் பிடித்தபடியே, யாருக்கும் பதில் சொல்லாமல் நிற்கிறது. உலாவி அதனிடம் கேட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஷெல்லில் ஜாப்ஸ் என்று தட்டினால் நின்றவை பட்டியலாக வரும். எஃப்ஜி என்று தட்டினால் முன்னுக்கு வரும். பிறகு முறையாக முடிக்கலாம். டெர்மினலை விட்டு வெளியேற முயலும்போது நின்றுபோன வேலைகள் இருக்கின்றன என்று பாஷ் என்ற ஷெல் ஒரு வரி எச்சரிக்கும். அந்த வரியைப் படிக்காமல் இரண்டாம் முறையும் எக்ஸிட் தட்டுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம்.

இன்னொரு வழி தொலைவிலிருக்கும் சர்வர். இந்தப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாகப் புகுந்து சாரலடிக்கும் மாதங்களில் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போய்வரும். தொலைவிலிருந்தே கட்டளையிட உதவும் எஸ்எஸ்எச் வழியாகச் சர்வரில் நுழைந்து டீபக் செய்துகொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால், நம் பக்கம் சாளரம் உறைந்து நிற்கிறது. ஆனால் இணைப்பு அறுந்த செய்தி சர்வருக்கு எட்டுவதில்லை, ஏனென்றால் அதைச் சொல்லவும் அந்த இணைப்புதான் வேண்டும். லினக்ஸின் இயல்பான அமைப்பில், மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று கெர்னல் விசாரிக்கத் தொடங்குவதற்கே 7200 விநாடிகள், அதாவது இரண்டு மணி நேரம் ஆகும். அதன் பிறகும் 75 விநாடிகளுக்கு ஒருமுறையாக ஒன்பது தடவை தட்டிப் பார்த்துவிட்டே கைவிடும். அதற்குள் நாம் மறுபடி நுழைந்து நிரலை இரண்டாம் முறை தொடங்கியிருப்போம். முதலாவது ப்ரேக்பாயிண்டில் நின்றபடியே கிடக்கும். சர்வர் நிர்வாகிகள் இந்த விசாரணை இடைவெளியைக் குறைத்துவைப்பது உண்டு.

ரீலோடர் கொண்ட சட்டகங்களில் இன்னொரு சிக்கல். கண்காணிப்பது ஒரு ப்ராசஸ், பதில் சொல்லுவது அதன் பிள்ளை. கண்காணிப்பதை மட்டும் வலுக்கட்டாயமாகக் கொன்றால் பிள்ளை போர்ட்டோடு தங்கிவிடும். பிள்ளையை மட்டும் கொன்று பெற்றோரை விட்டுவிட்டால், சில சட்டகங்கள் புதிய பிள்ளையைத் தொடங்கிவிடும். எண்ணைத் தேடிப் பிடித்துக் கொன்ற பிறகும் வேறு எண்ணில் அதே நிரல் முளைத்தால், தேட வேண்டியது அதன் பெற்றோரை.

ஸாம்பி என்று ஒரு வகையும் உண்டு. பெயர் அச்சுறுத்துவதைப் போல அது ஒன்றும் செய்துவிடாது. வேலை முடிந்துபோன பிள்ளையின் முடிவுக் குறிப்பைப் பெற்றோர் இன்னும் வாங்கிக்கொள்ளாததால், பட்டியலில் மட்டும் பெயர் நீக்கப்படாமல் நிற்கும் ப்ராசஸ் அது. நினைவகமும் போர்ட்டும் அதனிடம் இல்லை. இறந்ததை மறுபடி கொல்ல முடியாது என்பதால் எந்தக் கட்டளைக்கும் அது அசையாது. பெற்றோர் முடிந்தால் அதுவும் போய்விடும். நூற்றுக்கணக்கில் சேர்ந்தாலொழியக் கவலைப்பட வேண்டியதில்லை.

என்னென்ன கெடும்

போர்ட்டிலிருந்து தொடங்குவோம். செங்கோட்டை புனலூர் பாதையில் 1904இல் ரயில் ஓடத் தொடங்கியது. மீட்டர் கேஜ் காலத்து ஒற்றைத் தடப் பாதைகளில், ஓட்டுநரிடம் நிலைய அதிகாரி பிரம்பு வளையத்தில் டோக்கனைக் கொடுப்பதைப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட தடத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு டோக்கன்தான் வெளியே வரும். அது திரும்பக் கருவிக்குள் போகாதவரை அடுத்த ரயிலுக்கு வழி கிடையாது. போர்ட்டும் அப்படிப்பட்ட டோக்கன். 8000 என்ற எண்ணை ஒரு ப்ராசஸ் வாங்கிக்கொண்டால், அது முடிந்து திருப்பித் தரும்வரை இரண்டாவது ப்ராசஸுக்கு லினக்ஸ் அதைத் தராது. முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்ற பிழை வரும். பைத்தானில் லினக்ஸானால் 98 என்றும் மேக்கானால் 48 என்றும் அதற்கு எண் உண்டு. பிழை வருவது நல்லது. அது நம்மை நிறுத்திக் கேட்க வைக்கிறது.

விண்டோஸில் அந்தக் காவல் தளர்ந்துவிடக் கூடும். முகவரியை மறுபடி பயன்படுத்தலாம் என்றொரு விருப்பத்தை, வலையில் பேச நிரல் திறக்கும் முனையான சாக்கெட்டில் அமைத்துக்கொள்ள முடியும். பைத்தானோடு வரும் எச்டிடிபி சர்வர் இதை இயல்பாகவே அமைத்துக்கொள்கிறது. லினக்ஸில் இதன் பொருள் அடக்கமானது: சற்று முன் முடிந்துபோன இணைப்புகளின் எச்சம் தடுக்காமல் இருந்தால் போதும். விண்டோஸிலோ, உயிரோடு காத்திருக்கும் இன்னொரு ப்ராசஸின் போர்ட்டிலேயே இரண்டாவதும் உட்காரலாம். வரும் கோரிக்கை இருவரில் யாருக்குப் போகும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. பிழைச் செய்தி இல்லாமல், எச்சரிக்கை இல்லாமல், பழைய நிரல் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். மாணவிக்கு நேர்ந்தது இதுவே. ப்ரேக்பாயிண்ட் வைக்கப்பட்டது புதிய ப்ராசஸில். கோரிக்கை போனது பழையதற்கு. பின் எப்படி அங்கே நிற்கும்? உலாவியில் விடை வருகிறது, ஆனால் ப்ரேக்பாயிண்டில் நிற்கவில்லை என்றால், நிரலைச் சந்தேகிக்கும் முன் இதைச் சந்தேகியுங்கள்.

லினக்ஸில், முன்கூட்டியே இயங்குகோப்பாக மாற்றப்படும், அதாவது தொகுக்கப்படும் மொழிகளிலும் இதே மயக்கம் வேறு வடிவில் வரும். தொகுப்பான்கள் வழக்கமாகப் பழைய இயங்குகோப்பை நீக்கிவிட்டு அதே பெயரில் புதியதை உண்டாக்குகின்றன. பழைய ப்ராசஸோ, பெயர் நீக்கப்பட்ட பழைய கோப்பையே பிடித்துக்கொண்டு ஓடும். அதன் கோப்பு எது என்று கெர்னலிடம் கேட்டால், பாதையின் பக்கத்தில் அழிக்கப்பட்டது என்று குறித்துக் காட்டும். விண்டோஸில் ஓடிக்கொண்டிருக்கும் இயங்குகோப்பின் மேல் எழுத முடியாது. ஆகவே அங்கே தொகுப்பதே தோற்றுவிடும். விஷுவல் ஸ்டுடியோவில் எல்என்கே 1168 என்ற இணைப்புப் பிழையைக் கண்டால், பெரும்பாலும் பழையது ஓடிக்கொண்டிருக்கிறது என்றே பொருள்.

தரவுத்தளப் பூட்டு இன்னும் நயமானது. ஒரு பரிவர்த்தனையை (முழுதும் நடக்க வேண்டும், இல்லையேல் எதுவுமே நடக்கக் கூடாது என்ற திருத்தங்களின் தொகுப்பை) தொடங்கி, ஒரு வரிசையைத் திருத்தி, உறுதிசெய்வதற்கு முந்தைய வரியில் ப்ரேக்பாயிண்ட் வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். அங்கே நின்றபடி ப்ராசஸ் மிச்சமாகிவிட்டால், அந்த வரிசையின் பூட்டு திறக்கப்படாமலே இருக்கும். பிறகு அதே வரிசையைத் தொட வரும் எந்த நிரலும் காரணம் புரியாமல் காத்துக்கிடக்கும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் இப்படிப்பட்ட இணைப்பு, பரிவர்த்தனைக்குள் சும்மா இருக்கிறது என்ற நிலையோடு பட்டியலில் தெரியும். எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில், பைத்தான் வழியாகப் போனால் இயல்பாக ஐந்து விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டுத் தரவுத்தளம் பூட்டப்பட்டுள்ளது என்று சொல்லிவிடும். மிச்ச ப்ராசஸை முடித்தால் இயங்குதளம் இணைப்பை மூடும், பரிவர்த்தனை பின்வாங்கப்படும், பூட்டும் திறந்துவிடும்.

நினைவகத்தைப் பற்றி ஒரு வரி போதும்: எட்டு ஜிபி கணினியில் மறந்துபோன ஜாவா ப்ராசஸ்கள் மூன்று இருந்தால் விசிறியின் சத்தமே சொல்லிவிடும்.

தேடிக் கண்டுபிடிப்பது

பெயரை வைத்துத் தேடுவதைவிட, எந்தப் பொருளைப் பிடித்துவைத்திருக்கிறது என்பதை வைத்துத் தேடுவதே உறுதியான வழி. போர்ட் தெரிந்தால் லினக்ஸில் எஸ்எஸ் கட்டளையும், மேக்கில் எல்எஸ்ஓஎஃப் கட்டளையும் அதைப் பிடித்திருக்கும் ப்ராசஸின் எண்ணைக் கொடுக்கும். விண்டோஸில் நெட்ஸ்டாட் கட்டளையை ஏ, என், ஓ என்ற மூன்று குறிகளோடு ஓடவிட்டால் கடைசி நிரையில் எண் வரும். காத்திருக்கும் நிலையில் உள்ள வரிகளை மட்டும் பார்த்தால் போதும். மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 2021இல் வந்த மான்டெரே பதிப்பிலிருந்து ஏர்ப்ளே வசதி 5000 என்ற போர்ட்டில் காத்திருக்கிறது, ஃப்ளாஸ்க் என்ற பைத்தான் சட்டகமும் இயல்பாக அதே எண்ணைக் கேட்பதால், நீங்கள் எதையும் மிச்சம் வைக்காமலே போர்ட் இல்லை என்ற பிழை வரக் கூடும்.

எண் கிடைத்ததும் உடனே கொல்லப் போகாமல், அது எந்தக் கட்டளையால், எந்தக் கோப்புறையிலிருந்து, எப்போது தொடங்கியது என்று பாருங்கள். லினக்ஸில் பிஎஸ் கட்டளையும், விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் விவரங்கள் பக்கத்தில் கட்டளை வரி நிரையைச் சேர்த்துக்கொள்வதும் இதற்கு உதவும். ஜாவாவுக்கு ஜேபிஎஸ் என்று தனிக் கட்டளையே உண்டு. பிஎஸ் காட்டும் நிலை எழுத்தையும் படிக்கப் பழகுங்கள்: பெரிய டி என்றால் கன்ட்ரோலும் இஸட்டும் போன்ற சைகையால் நின்றது, சிறிய டி என்றால் டீபக்கர் நிறுத்தியது, இஸட் என்றால் ஸாம்பி. சிறிய டியைக் கண்டால் எங்கோ ஒரு டீபக்கரும் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

எக்லிப்ஸ் என்ற எடிட்டரைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். அதன் டீபக் பகுதியில் முடிந்தது என்ற குறிப்போடு வரிசையாக நிற்பவை ப்ராசஸ்கள் அல்ல, முன்பு ஓடியவற்றின் பதிவுகள். அவற்றை ஒரே சொடுக்கில் துடைத்துவிடலாம்; துடைக்காவிட்டாலும் போர்ட் எதுவும் மாட்டிக்கொள்ளாது. கவனிக்க வேண்டியது, அந்தக் குறிப்பு இல்லாமல் நிற்பவற்றை. ஓடவிடும் பொத்தானை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அது புதிய ஜாவா ப்ராசஸைத் தொடங்குகிறது, பழையதைத் தானாக முடிப்பதில்லை என்பது அங்கே தெரிந்துவிடும்.

அதேபோல, வேண்டுமென்றே தங்கியிருப்பவையும் உண்டு. நிரல்களைத் தொகுக்கும் கருவியான கிரேடில், அடுத்த முறை விரைவாகத் தொகுப்பதற்காகத் தன் பின்னணி ப்ராசஸை வேலையின்றி மூன்று மணி நேரம்வரை விட்டுவைக்கும். அதைக் கண்டு எரிச்சலடைந்து கொன்றுகொண்டே இருப்பவர்களுக்கு ஒவ்வொரு தொகுப்பும் மெதுவாகத்தான் நடக்கும்.

முடிப்பது

கில் என்ற கட்டளையின் பெயரே தவறான எண்ணத்தைத் தருகிறது. அது செய்வது ஒரு சைகையை அனுப்புவது. எண் எதுவும் சொல்லாவிட்டால் 15ஆம் சைகை போகும்: தயவுசெய்து முடித்துக்கொள் என்ற வேண்டுகோள். ஜாவா ப்ராசஸானால் மூடும்போது செய்ய வேண்டிய வேலைகளை முடித்துவிட்டு வெளியேறும். 2ஆம் சைகை, கன்ட்ரோலும் சியும் அனுப்புவது. பைத்தானில் இதுவே எக்ஸப்ஷன் என்ற பிழை நிகழ்வாக எழுந்து, நிரலின் முடிவில் துப்புரவு செய்யும் பகுதிகளை ஓடவிடுகிறது, 15ஆம் சைகையை நிரலே கையாளாவிட்டால் அந்த வசதி கிடைக்காது. 9ஆம் சைகையை ப்ராசஸ் கேட்பதே இல்லை. கெர்னல் அதை அந்த நொடியில் அகற்றிவிடுகிறது. எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்கும், தற்காலிகக் கோப்புகள் அப்படியே கிடக்கும், பிள்ளைகள் அநாதைகளாவார்கள். முதல் அடியிலேயே 9ஐ அனுப்புவதை ஒரு கெட்ட பழக்கமாகவே நான் கருதுகிறேன். நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனி உறைகளில் ஓடவிடும் டாக்கர்கூட, அவற்றை நிறுத்தும்போது முதலில் வேண்டுகோளை அனுப்பி, இயல்பாகப் பத்து விநாடி பொறுத்த பிறகுதான் வலுக்கட்டாயத்துக்குப் போகிறது. நின்றுகிடக்கும் ப்ராசஸுக்கு 15ஐ அனுப்பினால், அது மறுபடி ஓடத் தொடங்கும்வரை சைகை கிடப்பிலேயே இருக்கும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். வேண்டுகோள் வேலை செய்யவில்லை என்று பலரும் 9க்குத் தாவுவது இங்கேதான்.

ப்ராசஸை முடிக்க விண்டோஸில் உள்ள டாஸ்க்-கில் என்ற கட்டளையில், கட்டாயக் குறி இல்லாவிட்டால் சாளரத்தை மூடச் சொல்லும் செய்திதான் போகும்; சாளரமற்ற கன்சோல் நிரல்கள் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்தா. எஃப் குறி கட்டாயப்படுத்தும், டி குறி பிள்ளைகளையும் சேர்த்து முடிக்கும். சாளரம் திறந்திருந்தால் அதற்குள்ளேயே கன்ட்ரோலும் சியும் அழுத்துவது எல்லாவற்றிலும் நல்லது.

பைத்தான் என்ற பெயருள்ள அனைத்தையும், நோட் என்ற பெயருள்ள அனைத்தையும் ஒரே அடியாகக் கொல்லும் கட்டளை பல இடங்களில் தீர்வாகச் சொல்லப்படுகிறது. எடிட்டரின் உதவி நிரல்கள், டீபக்கரின் துணை, அருகில் ஓடும் வேறொரு வேலை என்று எல்லாமே அந்தப் பெயரில் இருக்கக் கூடும். பலர் பகிர்ந்துகொள்ளும் சர்வரில் நிர்வாகி உரிமையோடு இதைச் செய்தால் அடுத்தவரின் வேலையும் போகும். எண்ணைப் பார்த்து ஒன்றை மட்டும் முடிக்க வேண்டும்; அந்த எண்ணையும் அப்போதே பார்க்க வேண்டும், காலையில் குறித்துவைத்ததை அல்ல, ஏனென்றால் முடிந்துபோன ப்ராசஸின் எண்ணை இயங்குதளம் பின்னர் வேறொன்றுக்குக் கொடுத்துவிடும்.

மிச்சமாக நிற்பது டீபக் வாசலைத் திறந்துவைத்த ப்ராசஸானால் தாமதிக்காமல் முடிக்க வேண்டும். ஜாவாவின் டீபக் வாசலுக்குக் கடவுச்சொல் கிடையாது. அதனோடு இணைய முடிந்தவர் அந்த ப்ராசஸுக்குள் தாம் விரும்பியதை ஓடவிடலாம். கணினிக்கு உள்ளிருந்து மட்டும் இணையும்படி அமைத்திருந்தால் பிழைத்தோம். எல்லா முகவரிகளுக்கும் திறந்துவிட்டு, ரயில் நிலையத்து வைஃபையில் போய் அமர்ந்தால் நிலைமை வேறு.

எங்கள் வகுப்பில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். சர்வர் நிரல் எதுவானாலும், தொடங்கியதும் தன் ப்ராசஸ் எண்ணையும் தொடங்கிய நேரத்தையும் டெர்மினலில் அச்சிட வேண்டும். அவற்றையே பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் காட்டவும் வேண்டும். இரண்டு வரி வேலைதான். உலாவியில் தெரியும் நேரம் காலை ஏழரை என்றால், மாலை ஆறு மணிக்குத் திருத்திய வரியைப் பற்றி அந்தப் பக்கத்திடம் கேட்பதில் பயனில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

அன்று மாலை, சுருங்கிக் கிடந்த கறுப்புச் சாளரத்தை மேலே கொண்டுவந்து, மாணவி கன்ட்ரோலும் சியும் அழுத்தினார். 8000க்கு ஒரே ஒரு வரி மிஞ்சியது. உலாவியைப் புதுப்பித்தவுடன் ப்ரேக்பாயிண்டில் நிரல் நின்றது. தொடரவிட்டபோது, விவசாயிக்குச் சேர வேண்டிய தொகை இந்த முறை குறைவாக வந்தது. சாக்கின் எடை இரண்டு இடங்களில் கழிக்கப்பட்டிருந்தது. முதலில் செய்த திருத்தமே சரியானது. அதை நம்பாமல் பின்னர் சேர்த்ததை அழித்துவிட்டு, அவர் ஏழு மணி ரயிலுக்குக் கிளம்பினார்.